பியட்டுக்கு நான் வழி விடணுமா?

ஹாரன் அடிக்காதயும் வே. கல்யாணப் பொண்ணு சேலை கட்டுதா, முடிஞ்சாத்தான வருவா. நீரு அடிக்க அடிக்க கொசுவம் அவுந்துதான் போகும். இறங்கி வாரும். இப்பிடி உக்காரும். காப்பி குடிக்கீரா? உள்ள கேட்டா ஒருத்தியும் போட்டுத் தர மாட்டா. தாயும் மகளும் எங்கூடப் பேசி பத்து மாசம் ஆச்சு. கிளப்புக் கடையில நான் வாங்கி வச்சது பிளாஸ்க்ல இருக்கு, குடியும்.

எங்க போகணும்னு உம்மட்டச் சொன்னாளா? இலஞ்சி குமாரர் கோயிலுக்கு. ஒம்பது டு பத்தரை முகூர்த்தம். ஆமா, என் மகளுக்குத்தான் கல்யாணம். உலகுன்னு பேரு. ஒத்தப் புள்ள. நான் போகல. என்னத்துக்கு அப்பிடிப் பாக்கீரு? போகலன்னா போகல.

என் காதுல விழும்படி அவ அம்மட்டச் சொன்ன கண்டிசன் அப்பிடி. என்ன கண்டிசன்னு கேளும். "யாரு வேணும்னாலும் வரலாம், ரெண்டு காரும் வரக்கூடாது." இந்தா வாசல்ல நிக்கே என் அம்பாசடர், இதுவும் வரக்கூடாதாம். எம் மச்சினன் சிவசைலம் வச்சிருக்க அந்தத் தகர டப்பா பியட்டும் வரக்கூடாதாம். வராதன்னு சொன்னதக்கூட நான் தாங்கிக்கிடுவேன் வே. ரெண்டையும் ஒண்ணாச் சேத்து, ஒரே வாயால "ரெண்டு கார்"னு சொன்னா பாரும், அதான் எனக்கு ஆற மாட்டேங்கு. அதுவும் இதுவும் ஒண்ணா?

நீரே பாரும். நீரும் வண்டிக்காரன்தான. என் வண்டி மார்க் டூ. எழுபத்து நாலு மாடல். எந்திரிச்சுப் போயி அந்தக் கதவச் சாத்திப் பாரும். வேண்டாம், வேண்டாம், இரியும், கைப்பிடி கொஞ்சம் லூசு. நானே சாத்துவேன். "தம்"முன்னு கேக்கும். வீட்டுக் கதவு சாத்தின மாதிரி இருக்கும். இப்பம் வார வண்டி எல்லாம் கதவச் சாத்தினா அப்பளம் உடைஞ்ச மாதிரில்லா சத்தம். உம்ம வண்டியச் சொல்லல, பொதுவாச் சொல்லுதேன். உம்ம வண்டியையும் சேத்துத்தான் சொல்லுதேன்னு வச்சுக்கிடுமே.

ஒம்பது பேரு போகலாம் இதுல. குற்றாலத்துக்கு பதினோரு பேரு போயிருக்கோம். டிக்கியில மூணு மூட்டை அரிசி போடலாம். ஸ்டார்ட்டிங்ல ஒரு குறையும் கிடையாது. காலைல ரெண்டு ஆளு லேசா ஒரு கை குடுத்தாப் போதும், பொறவு நீரா நிறுத்தினாத்தான் நிக்கும். பிரேக்கு மூணு மிதி மிதிக்கணும். அது தெரிஞ்சவனுக்கு. தெரியாதவன் எதுக்கு என் வண்டியில கால வைக்கான்? மழைக்கு உள்ள ரெண்டு சொட்டு விழும். அது காத்தோட்டம். காத்து வார வழியில தண்ணி வராதா?

சிவசைலம் வண்டிக்கு வருவோம். அதுவும் எழுபத்து நாலுதான். அதான் கொடுமை. ஒரே வருசத்துல பிறந்த ரெண்டு வண்டி வே. இது யானை கெணக்கா நிக்கி, அது ஏதோ சோப்புப் பெட்டிக்கு நாலு சக்கரம் மாட்டி விட்ட மாதிரி. உள்ள ஏறணும்னா குனியணும், முழங்கால மடக்கணும், மூச்ச அடக்கணும். பின்னால ரெண்டு பக்கமும் வாலு மாதிரி ஒண்ணு தூக்கிக்கிட்டு நிக்கும், அது அழகாம். டிராயிங் வாத்தியார்லா அவன், அழகப் பத்தி நமக்குப் பாடம் எடுப்பான். "அத்தான், இதோட வளைவப் பாருங்க, ஒரே கோட்டுல போட்டிருக்கான்"ம்பான். வண்டி ஓட்டுததுக்கா, சுவத்துல மாட்டுததுக்கா? பொண்டாட்டியோட பழைய சேலைய எல்லாம் தச்சு உறை போட்டு வச்சிருக்கான். ஞாயித்துக்கிழமை உறைய எடுத்து மஞ்சத் துணியால தொடப்பான். பொறவு உறையப் போட்டு மூடிருவான். இதுக்கு வண்டி எதுக்கு, சாமி படம் வாங்கி வச்சிருக்கலாம்லா.

மெக்கானிக்கு எல்லாம் என்ன சொல்லுவானுவன்னா, பியட்டு கைக்கு லேசு, பெட்ரோலும் குறைச்சலாக் குடிக்கும்பானுவ. குடிக்காது. குடிக்கதுக்கு உள்ள வயிறுன்னு ஒண்ணு இருந்தாத்தான. இருபத்தாறு வருசமா இதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். எல்லா விசேச வீட்டுலயும் சொல்லிருக்கேன். அவன் அப்பா கருமாதியிலகூடச் சொன்னேன். அவனும் சும்மா இருக்க மாட்டான், "அத்தான் வண்டி நல்ல வண்டிதான், பழைய லாரி ஸ்டாண்டு பக்கம் நிறுத்தினா யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது"ம்பான். சிரிப்பானுவ எல்லாவனும். அந்தச் சிரிப்பு இருக்கே, சாப்பிட உக்காந்தா இலையில வந்து நிக்கும்.

சரி, கல்யாணத்துக்கு வாரேன். மாப்பிள்ளை யாருன்னு நினைக்கீரு? அவன் மகன்தான். கார்த்தீசன். முறை மாப்பிள்ளை. நான் தேடிப் போகல. அவுக ரெண்டு பேருக்கும் சின்னதுலேருந்தே மனசுல இருந்திருக்கு, எனக்குத்தான் கடைசியாத் தெரிஞ்சுது. பையனக் குறை சொல்ல முடியாது. பொதுப்பணித் துறையில இருக்கான், பீடி சிகரெட்டு கிடையாது. எடுத்த எடுப்புலயே அவனை இழுத்து வச்சுக் கேட்டேன், "ஏல, பியட்டு நல்லதா அம்பாசடர் நல்லதா, ஒரே வார்த்தையில சொல்லு"ன்னு. "மாமா, எனக்கு பைக்கு போதும்"ங்கான். கெட்டிக்காரன். அதனால சரின்னுட்டேன்.

இப்பம் சிக்கல் எங்க வந்துதுன்னு கேளும். எங்க ஆளுவள்ல ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளைய மண்டபத்துக்குக் கூட்டிட்டு வாரதுக்கு பொண்ணு வீட்டுக்காரன் வண்டி அனுப்பணும். பொண்ண மண்டபத்துக்குக் கூட்டிட்டு வாரது தாய்மாமன் வண்டியில. பொண்ணுக்குத் தாய்மாமன் யாரு? எம் பொண்டாட்டி வடிவோட தம்பி. சிவசைலம். அப்பம் முறைப்படி என்ன ஆகுதுன்னா, அவன் மகன் என் அம்பாசடர்ல வரணும், என் மக அவன் பியட்டுல வரணும். என் மக! பியட்டுல! கல்யாணத்தன்னைக்கு! அவ்வளவு பெரிய கொண்டையும் மாலையும் வச்சுக்கிட்டு அந்தச் சோப்புப் பெட்டிக்குள்ள அவள மடக்கி வைக்கவா நான் வளத்தேன்?

"முடியாது, என் மக என் வண்டியிலதான் வருவா"ன்னேன். அவன் என்ன சொல்லணும்? "சரி அத்தான்"னுல்லா சொல்லணும். "அப்பம் என் மகனும் என் வண்டியிலதான் வருவான். தள்ளி ஸ்டார்ட் பண்ணுத வண்டியில மாப்பிள்ளைய ஏத்தினா சபையில சிரிப்பாவ"ன்னுட்டான். யாரு தள்ளுதா? லேசா ஒரு கை குடுக்கதுக்குப் பேரு தள்ளுததா? பெரியவங்க எல்லாம் வந்து பேசினாவ. வாடகைக்கு ரெண்டு வண்டி பிடிச்சிரலாம்னு ஒருத்தர் சொன்னாரு. நானும் எந்திரிச்சுட்டேன், அவனும் எந்திரிச்சுட்டான். அந்த ஒரு விசயத்துல மட்டும் எங்களுக்குள்ள ஒத்துமை.

போன ஆவணியில கல்யாணம். மண்டபம் இருக்கது ஒரு சந்துல. ஒரு வண்டி போற அகலம்தான். மண்டபத்து வாசல் சந்துக்கு நடுவுல. நான் கிழக்க இருந்து வாரேன், பின்சீட்டுல உலகு. முன்னால நாதசுரம், மேளம். அம்பாசடர் அன்னைக்கு எப்பிடி இருந்துதுன்னு கேக்கீரு? ரோசாப்பூ மாலை பேனட்டுல, கழுவி மினுக்கி... சரி விடும். எட்டே முக்காலுக்கு வாசல் பக்கம் வாரேன். மேக்க இருந்து பாம் பாம்னு ஒரு சத்தம். பியட்டு. பேண்டு வாத்தியம் முன்னால. உள்ள மாப்பிள்ளை.

ரெண்டு வண்டியும் சரியா வாசலுக்கு நேரா வந்து மூக்கும் மூக்குமா நின்னுட்டு. பம்பருக்கும் பம்பருக்கும் ஒரு சாண் இருக்கும். யாராவது ஒருத்தன் பின்னால எடுத்தாத்தான் அடுத்தவன் வாசலுக்குத் திரும்ப முடியும். நான் அவனப் பாக்கேன். அவன் என்னப் பாக்கான். கைய வச்சு இப்பிடி, பின்னால போங்கங்கான். யார? என்னய! பியட்டுக்கு அம்பாசடர் வழி விடணுமாம்!

நாதசுரக்காரர் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டாரு. ஒரு கீர்த்தனை முடிஞ்சுது, ரெண்டு முடிஞ்சுது, மூணாவதுல சீவாளிய எடுத்து மடியில கட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. ஒம்பதாச்சு. ஒம்பதரை ஆச்சு. உலகு முதல்ல என்ன பண்ணுதா தெரியுமா? சிரிக்கா. கண்ணாடி வழியா அங்கன மாப்பிள்ளையப் பாத்து சிரிக்கா. அவனும் உள்ள உக்காந்து சிரிக்கான். பத்து மணிக்குச் சிரிப்பு நின்னுட்டு. "அப்பா, நான் இறங்கி நடந்து போயிருதேன்"ங்கா. எங்க இறங்க? ரெண்டு பக்கமும் செவுரு. என் வண்டி அகலம், கதவு நாலு விரக்கடைக்கு மேல தொறக்காது. அந்தப் பியட்டு ஒல்லிக்குச்சிலா, அவன் கதவு தொறந்துட்டு. அதுல ஒரு பெருமை வேற அவனுக்கு.

கார்த்தீசன் இறங்கி வந்தான். மாலையும் கழுத்துமா என் கண்ணாடிக்குப் பக்கத்துல ஒருக்களிச்சு வந்து நின்னு கும்பிடுதான் வே. "மாமா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். நீங்க பத்தடி பின்னால எடுங்க. எங்கப்பா அப்பிடியே வாசலுக்குத் திரும்பிருவாரு. பொறவு ஆயுசுக்கும் நீங்க சொல்லுததே சட்டம்." நான் நேராப் பாத்துக்கிட்டு இருந்தேன். பொறவு வடிவு மண்டபத்துக்குள்ள இருந்து ஓடி வந்தா. தலைமுடி எல்லாம் கலைஞ்சு. நான் கண்ணாடிய ஏத்திட்டேன். வாசல்ல நின்ன ஆளுவ எல்லாம், "நியூட்ரல்ல போடுங்கய்யா, நாங்க தள்ளுதோம்"ன்னானுவ. யாரு வண்டியத் தள்ளப் பாக்கீங்கன்னு ஒரு சத்தம் போட்டேன், போயிட்டானுவ.

பத்தரைக்கு அய்யரு அடுத்த கல்யாணத்துக்குப் போயிட்டாரு. நல்ல நேரம் போயிட்டு.

பதினோரு மணிக்கு வடிவு அவன்ட்டப் போயி, தம்பிட்டப் போயி, பியட்டு பேனட்டுல தலைய வச்சு அழுதா. எம் பொண்டாட்டி. அந்தத் தகரத்துல தலைய வச்சு. அப்பம்தான் அவன் பின்னால எடுத்தான். கண்ணாடிய இறக்கி, "ஜெயிச்சுட்டீரு அத்தான். உம்ம மகள நீரே வச்சுக்கிடும்"ன்னான். அப்பிடியே சந்து முழுக்கப் பின்னாலயே போயிட்டான்.

கேட்டீரா? அவன் வாயாலயே சொன்னான், ஜெயிச்சது நான்னு. கடைசில பின்னால எடுத்தது யாரு? பியட்டு. ஊருக்கே தெரியும். ஆனா ஒருத்தனாவது வந்து எங்கிட்ட ஒரு வார்த்தை நல்லவிதமாச் சொல்லணும்லா? ஒருத்தனும் சொல்லல. அறுநூறு பேருக்கு வடிச்ச சோறு, பாயாசம் எல்லாம் அப்பிடியே கிடந்துது. அதுக்கு நான் என்ன செய்ய?

நீரும் அவனுவ மாதிரியே பாக்கீரு. "பத்தடி பின்னால எடுத்தா என்ன குறைஞ்சு போச்சு"ன்னுதான நினைக்கீரு? சொல்லும், தைரியமாச் சொல்லும்.

வே. கொஞ்சம் கிட்ட வாரும். உள்ள கேட்டுரக் கூடாது. நீரு வெளியூரு, இன்னைக்குப் போனா நாளைக்கு என்னய யாருன்னு தெரியாது. அதனால உம்மட்டச் சொல்லுதேன். ரிவர்ஸ் விழாது வே. என் வண்டிக்கு. மூணு வருசமா விழாது. கியர் கம்ப இழுத்துப் போட்டா கரகரன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் எப்பம் நிறுத்தினாலும் நேராப் போற மாதிரிதான் நிறுத்துவேன். இறக்கமாப் பாத்து நிறுத்துவேன். ஒருத்தனுக்கும் தெரியாது. மெக்கானிக்கு, கியர் பெட்டியப் பிரிக்கணும், பதினைஞ்சு நாளு ஒர்க்சாப்பு செட்டுல நிக்கட்டும்னான். அவன் செட்டு எங்க இருக்கு? சிவசைலம் தெனமும் பேப்பர் படிக்கப் போற வழியில. பதினைஞ்சு நாளு என் வண்டி எலும்பும் குடலுமாக் கிடக்கத அவன் நின்னு பாக்கணுமா?

அன்னைக்குச் சந்துல நாலு தடவை இழுத்துப் பாத்தேன். கைய மேல்துண்டுக்கு அடியில மறைச்ச மாதிரி வச்சுக்கிட்டு, யாருக்கும் தெரியாம. மேளச் சத்தத்துல கரகரப்பு கேக்கல, அது ஒரு புண்ணியம். நாலு தடவையும் விழல. பொறவு நான் என்ன செய்யட்டும்? நியூட்ரல்ல போட்டுத் தள்ளச் சொல்லிருக்கலாம், சரிதான். அவன் முன்னாலயா? அவன் அந்த ஒல்லிக் கதவத் தொறந்துகிட்டு நின்னு வேடிக்கை பாக்க, என் வண்டிய நாலு பேரு பின்னால தள்ளவா? செத்துரலாம் வே அதுக்கு.

தப்புதான்னு ஒருநாளு தோணிச்சு. ஒரே ஒரு நாளு. அவன்ட்டப் போயிச் சொல்லிருவோமான்னுகூட நினைச்சேன். அவன் சிரிக்கத நினைச்சேன், விட்டுட்டேன்.

பத்து மாசம் புள்ளைகள் ரெண்டும் போன்லயே பேசி, இந்தக் கோயிலு, இந்தத் தேதி, இந்தக் கண்டிசன்னு முடிவு பண்ணிட்டு. எனக்குப் பத்திரிகைய உலகு கொண்டாந்து மேசையில வச்சுட்டுப் போனா, பேசாம. நான் எதுக்குப் போகணும்? கார் இல்லாம, வெறும் ஆளா, அவன் முன்னால போயி நிக்கதுக்கா? என் அம்பாசடர் இல்லன்னா நான் யாரு அங்க?

இந்தா வந்துட்டா. எந்திரியும், எந்திரியும். காப்பிய வையும்.

அடேயப்பா. வே, எம் மகளப் பாத்தீரா? என் கண்ணே பட்டுரும் போல இருக்கு.

என்னம்மா? எங்கிட்டயா சொல்லுத? வர மாட்டேன். போங்க, ரெண்டு பேரும் நல்லபடியாப் போயிட்டு வாங்க. மாமா கண்டிப்பா பியட்டுலதான் வந்து எறங்குவான், நீ வேணும்னா பாரு, எனக்குத்தான் கண்டிசன் எல்லாம்... என்னது? பஸ்லயா? காலைல டவுன் பஸ்லயா போயிட்டான்? பட்டு வேட்டியோடயா? கேட்டீரா வே, பஸ்ல போயிருக்கான். வண்டி ஸ்டார்ட் ஆயிருக்காது. சாரல் விழுதுல்லா, அந்த டப்பா ஈரத்துல... அது இல்லயா? சாவிய உங்கிட்டக் குடுத்துட்டா போனான்? எப்பம்? நேத்தேவா? எங்க, காட்டு.

அவன் சாவிதான். அந்த வளையம் அவன்ட்ட இருக்கதுதான்.

என் சாவி எதுக்கு உனக்கு? தர மாட்டேன். அவன் குடுப்பான், அவனுக்கு என்ன, பியட்டுதான. நான் எதுக்குத் தரணும்? என்ன? மெதுவாச் சொல்லு, இங்க ஆளு இருக்கு.

என்ன தெரியும் உனக்கு?

ரிவர்ஸ் விழாதுன்னா? யாரு சொன்னா? மெக்கானிக்கா? இல்லயா? ...பின்சீட்டுல இருந்து பாத்தியா? நான் இழுத்தத... நாலு தடவையும் பாத்தியா?

அன்னைக்கேவா? அன்னைக்கே உனக்குத் தெரியுமா?

ஏட்டி, ரெண்டேகால் மணி நேரம். நீ பின்னாலதான இருந்த. ஒரு வார்த்தை சொல்லிருந்தா நாலு பேரு தள்ளிருப்பானுவ. ஒம்பதரைக்கு உனக்குத் தாலி ஏறிருக்கும். அவன் வந்து கும்பிட்டுக்கிட்டு நின்னானே, அவன்ட்டயாவது சொல்லிருக்கலாம்லா? ஏன் சொல்லல? உங்க அம்மட்டகூடவா சொல்லல? பத்து மாசமா? ஏன்?

மாமா முன்னால நான் சிறுத்துப் போயிரக் கூடாதுன்னா?

அதுக்கா?

அழாதட்டி. மை எல்லாம் கலையுது. நீ அழாத, நான்தான் அழணும். வே, சிரிக்காதயும். சிரிக்கலயா? சரி. எனக்கு அழுகையா வருது வே, நீரு அந்தப் பக்கம் திரும்பிக்கிடும். சவத்து மூதி நான், சவத்து மூதி. இந்தாம்மா சாவி. வச்சுக்கிடு. தூரப் போட்டாலும் சரி.

வேட்டிய மாத்திட்டு வாரேன், ஒரே நிமிசம். இல்ல, வேண்டாம், நேரம் ஆகுது, இதுவே போதும். வடிவு, கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காரு. உலகு, நீ முன்னால உக்காரும்மா, சேலை கசங்காது. மாமாட்ட நானே சொல்லுதேன். தாலி கட்டி முடியட்டும், சொல்லுதேன். சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான்.

எடும் வே. தெரு அங்கன முட்டிரும், திருப்ப இடம் கிடையாது. பின்னாலதான் எடுக்கணும். பாத்து எடும், பின்னால ஓரமா என் வண்டி நிக்கி, அது நகராது. வாரும், வாரும், இன்னும் வாரும். விழுந்துட்டா ரிவர்ஸ்? சத்தத்தயே காணும்.

சவம், எம்புட்டு லேசாப் பின்னால போகுது பாரு வடிவு.